தோள் அளவு

தகப்பனார் விட்டுப்போகும் சொத்தில் நிலம் இருந்தால் அளந்து பங்கிடலாம். நகை இருந்தால் நிறுத்துப் பங்கிடலாம். கடன் இருந்தால் அண்ணன் தம்பிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருக்கலாம். துப்பாக்கி இருந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்வி உங்களில் பெரும்பாலோருக்கு வந்திருக்காது. எனக்கு வந்தது. அதுவும் ஒன்றல்ல, இரண்டு துப்பாக்கிகள்.

கதை எழுதுகிறவன் வீட்டில் துப்பாக்கி என்றதும் நண்பர்களுக்கெல்லாம் ஒரே உற்சாகம். "இனிமேல் துப்பறியும் நாவல்தான்!" என்றார் ஒருவர். "கதையைத் திருப்பி அனுப்பும் பத்திரிகைகளுக்கு இனி ஜாக்கிரதை!" என்றார் இன்னொருவர். நான் இருபது வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். என் கதைகளில் இதுவரை ஒருவரும் குண்டு பட்டு இறந்ததில்லை. அதிகபட்சம், ஒரு ரிடையர்டு தாசில்தார் மாடிப்படியில் வழுக்கி விழுந்திருக்கிறார். அவரும் மூன்றாம் அத்தியாயத்தில் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டார். அப்பேர்ப்பட்ட சாது கையில் வந்து சேர்ந்தன அந்த இரண்டும்.

எங்கள் ஊர் சத்தியமங்கலத்துக்கு வடக்கே, மலை அடிவாரத்தில் இருக்கிறது. எங்கள் தோட்டத்து வேலிக்கு அப்பால் இரண்டு காடு தள்ளி வனம் ஆரம்பமாகிவிடும். இப்போது அது புலிகள் காப்பகம். 2013-இல் அப்படி அறிவித்தார்கள். என் பாட்டனார் காலத்தில் அதற்கு அவ்வளவு பெரிய பெயரெல்லாம் கிடையாது, வெறும் மலைதான். மலையிலிருந்து இரவில் காட்டுப்பன்றி இறங்கும். நிலக்கடலைக் காட்டில் ஒரு கூட்டம் இறங்கிவிட்டுப் போனால், மறுநாள் காலையில் ஏர் ஓட்டின மாதிரி இருக்கும். ஆறு மாசப் பாட்டை ஆறு மணி நேரத்தில் கணக்குத் தீர்த்துவிட்டுப் போய்விடும். அதனால் மலையோரத்துக் குடியானவர்களுக்குப் பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் கொடுத்து, துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சர்க்கார் அநுமதித்திருந்தது. ஜமீன்தார்கள் படம் எடுத்துக்கொள்வதற்காக வைத்திருந்த துப்பாக்கி வேறு. எங்கள் வீட்டுத் துப்பாக்கி வேறு. எங்கள் வீட்டில் அது மண்வெட்டி, கடப்பாரை ஜாதியைச் சேர்ந்தது. ஆயுத பூஜையன்று அவற்றோடு வரிசையில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு நிற்கும். பக்கத்தில் என் பள்ளிக்கூடப் புத்தகங்கள் இருக்கும். சரஸ்வதிக்கும் துப்பாக்கிக்கும் ஒரே தட்டில்தான் பொரிகடலை.

முதல் துப்பாக்கி பாட்டனாருடையது. ஒற்றைக் குழல், வாய் வழியாக மருந்து போட்டுக் கெட்டிக்கிற ரகம். மருந்தைக் கொட்டி, சலாகையால் இடித்து, ஈய ரவையைப் போட்டு, மறுபடி இடித்து, பின்னால் உள்ள முலையில் கேப்பு ஒன்றைச் செருகிக் குதிரையைத் தட்டவேண்டும். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவில் ஒரு வெற்றிலை போட்டுக்கொள்ளலாம். இரண்டாவது அப்பாவுடையது. அதுவும் ஒற்றைக் குழல்தான். ஆனால் நடுவில் மடித்துத் தோட்டா போடுகிற பன்னிரண்டு போர். இந்தப் பன்னிரண்டு என்ன கணக்கு என்று பல பேருக்குத் தெரியாது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக உருட்டினால், ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ, அது பன்னிரண்டு போர். இருபது உருண்டையாக உருட்டினால் இருபது போர். எண் பெருகப் பெருகக் குழல் சிறுத்துவிடும். சம்பளத்துக்கும் விலைவாசிக்கும் உள்ள உறவைப் போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இரண்டையும் செய்தவர் ஒரே மனிதர். கோபிச்செட்டிபாளையம் போகிற வழியில் ஒரு சந்தை ஊரில் பட்டறை வைத்திருந்த ஆசாரி. துப்பாக்கி செய்யவும் ரிப்பேர் பார்க்கவும் முறைப்படி லைசென்ஸ் வாங்கியவர். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. பெயரை விளம்பரப்படுத்திக்கொள்வது அவருக்குப் பிடிக்காது. பட்டறைக்கு ஒரு போர்டுகூட அவர் மாட்டியதில்லை. "துப்பாக்கி ஆசாரி" என்றால் சுற்றுவட்டம் முப்பது மைலுக்குப் போதும்.

நம் தேசத்தில் இந்தத் தொழில் இன்று நேற்று வந்ததல்ல. துப்பாக்கி என்ற சொல் துருக்கி மொழிச் சம்பந்தமுடையது. சொல் வெளியிலிருந்து வந்தாலும், பொருளை நம் கொல்லர்கள் சீக்கிரத்திலேயே தங்களுடையதாக்கிக் கொண்டுவிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் வங்காளத்து நவாபாக இருந்த மீர் காசிம் தம் தலைநகரை மூங்கேர் நகருக்கு மாற்றியபோது, அங்கே துப்பாக்கிப் பட்டறைகளை அமைத்தான். நவாபு போய்விட்டான், தொழில் அந்த ஊரிலேயே தங்கிவிட்டது. அப்புறம் 1857 வந்தது. 1878-இல் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் வந்தது. லைசென்ஸ் இல்லாமல் இந்தியன் துப்பாக்கி வைத்திருப்பதும் செய்வதும் குற்றமாயின. அந்தச் சட்டத்தின் இடுக்கு வழியாகத்தான் எங்கள் ஆசாரியைப் போன்ற ஒரு சிலர், பதிவுப் புத்தகமும் முத்திரையுமாகத் தொழிலைக் காப்பாற்றி வந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1959-இல் புதுச் சட்டம் இயற்றி, 1962-இல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். லைசென்ஸ் என்ற வார்த்தை மட்டும் போகவில்லை. போயிருக்கக் கூடாது என்பதே என் அபிப்பிராயம்.

நான் ஆசாரியைப் பார்த்தபோது எனக்குப் பத்து வயது. அப்பாவின் துப்பாக்கியில் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதென்று பட்டறைக்குப் போயிருந்தோம். அவர் சின்ன மனிதர்; மார்பில் நரைமயிர்; மூக்கின் நுனியில் கண்ணாடி. கடையில் வாங்கிய ஸ்பிரிங் போடமாட்டார். எஃகுத் தகட்டை வெட்டி, அரத்தால் ராவி, செர்ரிப் பழ நிறம் வருகிறவரை காய்ச்சி, எண்ணெயில் தோய்த்தார். "இப்ப இது கண்ணாடி மாதிரி, கண்ணு. கீழ போட்டா உடைஞ்சு போகும்" என்று சொல்லி, மறுபடி எண்ணெயைத் தடவி அடுப்பில் காட்டினார். எண்ணெய் குப்பென்று பற்றி எரிந்து அடங்கியது. "இப்ப வளையும். ஆனா மறக்காது" என்றார். வளைந்தாலும் தன் நிலையை மறக்காதது ஸ்பிரிங் என்பதற்கு அதைவிட நல்ல விளக்கத்தைப் பின்னாளில் எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

அன்றைக்கு அப்பா பேச்சுவாக்கில் ஒரு சங்கதியைக் கேட்டார். "ஏனுங்க ஆசாரியாரே, கம்பெனித் துப்பாக்கிக்கும் உங்க துப்பாக்கிக்கும் என்னங்க வித்தியாசம்?"

ஆசாரி அரத்தை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "கம்பெனிக்காரன் துப்பாக்கி செஞ்சு ஆளைத் தேடறானுங்க. நான் ஆளைப் பார்த்துத் துப்பாக்கி செய்யறனுங்க. துப்பாக்கி கையில புடிக்கிறதில்லீங்க, தோள்ல உடுத்தறது."

இது வெறும் ஜம்பம் அல்ல. இங்கிலாந்தில் பெரிய பெரிய துப்பாக்கிக் கம்பெனிகளும் பணக்காரர்களுக்கு இப்படித்தான், தையற்காரன் கோட்டுக்கு அளவெடுப்பது போல, அளவெடுத்துச் செய்து கொடுக்கின்றன. முழங்கையை மடக்கச் சொல்லி, மடிப்பிலிருந்து விரலின் முதல் கணு வரைக்கும் ஒரு அளவு. விசையிலிருந்து அடிக்கட்டையின் முடிவு வரைக்கும் எத்தனை அங்குலம் என்பது அதிலிருந்து வரும். பொதுக் கணக்கு பதினாலு அங்குலத்தைச் சுற்றி இருக்கும். கழுத்து நீண்டவருக்குக் கட்டை சற்றுக் கீழே இறங்கவேண்டும். கன்னம் சதைப் பற்றானவருக்குக் கட்டை பக்கவாட்டில் கொஞ்சம் விலகவேண்டும். இவை சரியாக அமைந்துவிட்டால், துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்த மாத்திரத்தில், கண் குழலின் நேர்கோட்டில் தானாக வந்து உட்காரும். அமையாவிட்டால், குறி தவறுவதோடு, வெடித்த அதிர்ச்சியில் தாடையும் வீங்கும்.

எல்லாவற்றிலும் முக்கியம் கண். நம் இரண்டு கண்களில் ஒன்று எஜமான், மற்றது காரியஸ்தர். நீங்களே இப்போது சோதித்துப் பார்க்கலாம். இரண்டு கண்களையும் திறந்து வைத்துக்கொண்டு, தூரத்தில் உள்ள ஒரு ஜன்னல் கம்பியையோ தந்திக் கம்பத்தையோ ஆள்காட்டி விரலால் சுட்டுங்கள். விரலை அசைக்காமல் இடது கண்ணை மூடுங்கள். விரல் கம்பத்தின் மேலேயே நின்றால் உங்கள் எஜமானக் கண் வலது. விரல் சட்டென்று விலகிப் போனால் இடது.

1970-இல், தம் இருபத்தாறாவது வயதில், அப்பா துப்பாக்கிக்குச் சொல்லப் போனபோது ஆசாரி இந்தச் சோதனையைத்தான் முதலில் செய்தாராம். விரல் விலகிவிட்டது. எழுதுவது, சாப்பிடுவது, மாடு பிடிப்பது எல்லாம் வலக் கையால் செய்கிற மனிதருக்கு எஜமானக் கண் இடது! "நீங்க இடத்தோள்ல வெச்சுத்தானுங்க சுடோணும்" என்று ஆசாரி தீர்ப்புச் சொல்லிவிட்டார். கூடப் போயிருந்த பாட்டனாருக்குக் கோபம் வந்துவிட்டது. இடது கை விவகாரம் நம் பெரியவர்களுக்கு எவ்வளவு பிடிக்காது என்பது தெரிந்ததே. "அதெல்லாம் பழக்கத்துல சரியாப் போகும். எல்லாருக்கும் செய்யற மாதிரி செய்யுங்க" என்றாராம். ஆசாரி அளவு கோலைக் கீழே வைத்துவிட்டார். "பழக்கத்துல கை மாறுமுங்க. கண்ணு மாறாதுங்க. தப்பாச் செஞ்சு குடுத்து என் பேரை அதுல வெட்டறதுக்கு எனக்கு இஷ்டமில்லீங்க."

கடைசியில் ஆசாரிதான் ஜயித்தார். காஷ்மீரத்து வால்நட் மரத்தில், இடத் தோளுக்கென்று சாய்வு கொடுத்து, அப்பாவின் கன்னம் படிகிற இடத்தில் லேசாகக் குடைந்து, கட்டை செதுக்கினார். நம் ஊர் ஈட்டி மரம் பார்க்க அழகுதான். ஆனால் பளு அதிகம். வால்நட் இலேசானது, அதிர்ச்சியைத் தாங்கும், மழைக் காலத்தில் கோணாது என்பாராம். குழலுக்குப் பழுப்பேற்ற ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். துருப் பிடிக்கிற திராவகத்தைத் தடவி வைப்பதும், துரு பூத்ததும் வெந்நீரில் வேகவைப்பதும், கம்பித் துணியால் தேய்ப்பதும், மறுபடி தடவுவதுமாக அது நடக்கும். துருவைக் கொண்டே துருவைத் தடுக்கிற வித்தை அது. பிறகு இரட்டிப்பு மருந்து போட்டுப் புளியமரத்தில் கட்டி, தூரத்தில் நின்று கயிற்றை இழுத்து வெடித்துப் பார்த்து, குழல் விரியவில்லை என்று நிச்சயமான பிறகே குழலடியில் மூன்று விஷயங்களை வெட்டினார்: எண், தம் பெயர், அப்பாவின் பெயர்.

அப்பாவின் பெயரை வெட்டவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது ஆசாரியின் சொந்தச் சட்டம். அந்தச் சட்டத்தின் அருமை இருபது வருஷத்துக்குப் பிறகு தெரிந்தது. தொண்ணூறுகளில் எங்கள் மலைப்பக்கம் எப்படி இருந்தது என்பதைப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 1993-இல் வீரப்பனைப் பிடிக்க அதிரடிப்படை அமைத்தார்கள். 2004 அக்டோபரில்தான் அந்த அத்தியாயம் முடிந்தது. அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷங்களில், துப்பாக்கி என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லவே ஜனங்கள் யோசித்தார்கள். அப்பா தாமாகவே துப்பாக்கிகளைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டார்.

அந்த நாளில் ஓர் இரவு, ஆசாரியின் பட்டறைக் கதவை இரண்டு பேர் தட்டினார்களாம். முகம் தெரியாதவர்கள். லைசென்ஸ் கிடையாது, பணம் எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறோம், இரண்டு துப்பாக்கி வேண்டும் என்றார்களாம். ஆசாரி விளக்கைத் தூண்டி வைத்து, பதிவுப் புத்தகத்தை விரித்து, பேனாவை எடுத்துக்கொண்டு, "பேரு சொல்லுங்க, ஊரு சொல்லுங்க. எழுதிக்கறேன். குழல்லயும் வெட்டோணும்" என்றாராம். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். இதை அப்பாவிடம் சொல்லும்போது ஆசாரி சிரிக்கவில்லையாம். "பயமாத்தானுங்க இருந்துச்சு. ஆனா பேரில்லாத துப்பாக்கி, அப்பன் பேரு தெரியாத புள்ளை மாதிரிங்க. அது எங்க போயி என்ன பண்ணினாலும் கேக்கறதுக்கு ஆளிருக்காது" என்றாராம்.

பெயர் வெட்டிய துப்பாக்கி என்றதும் ஜிம் கார்பெட்டின் ஞாபகம் வருகிறது. 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக அவருக்கு ஐக்கிய மாகாணத்து லெப்டினென்ட் கவர்னர் ஹெவெட் பரிசளித்தது, லண்டன் ரிக்பி கம்பெனி செய்த ஒரு ரைபிள். பரிசு விவரம் பொறித்த வெள்ளித் தகடு அதன் கட்டையில் பதித்திருந்தது. கார்பெட் 1955-இல் கென்யாவில் காலமானார். பிள்ளை குட்டி இல்லாத மனிதர். அந்த ரைபிள், அவருடைய புத்தகங்களை வெளியிட்ட ஆக்ஸ்ஃபோர்டு பிரசுராலயத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்தது! எழுத்தாளனிடமிருந்து பதிப்பாளருக்குத் துப்பாக்கி போவது உலகத்தில் அபூர்வமாக நடக்கிற சம்பவம். பல ஆண்டுகள் கழித்து, அதைச் செய்த ரிக்பி கம்பெனியே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. பெயர் இருந்த காரணத்தால் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வர அதற்கு வழி இருந்தது.

எங்கள் வீட்டுத் துப்பாக்கிகள் புலியைச் சுட்டவை அல்ல. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-இல் அதைத் திருத்தி, வேட்டையை அடியோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்னாலேயே அப்பா ரவை போடுவதை விட்டுவிட்டார். பரண்மேல் உட்கார்ந்து, பாட்டனாரின் துப்பாக்கியில் வெறும் மருந்தைக் கெட்டித்து வானத்தைப் பார்த்து ஒரு வெடி. மலை முழுக்க அது உருண்டு எதிரொலிக்கும். பன்றிகள் வந்த வழியே திரும்பிவிடும். "சத்தமே போதும். அதுகளுக்கும் குட்டி இருக்குது" என்பார். பன்னிரண்டு போரை மாசத்துக்கு ஒரு முறை எடுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, இடத் தோளில் ஒரு தரம் வைத்துப் பார்த்துவிட்டு, பெட்டியில் வைத்துவிடுவார்.

மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. இச்சாப்பூர் சர்க்கார் தொழிற்சாலையில் செய்த ரைபிள். பாயிண்ட் மூன்று ஒன்று ஐந்து. ராணுவத்தார் உபயோகித்த பாயிண்ட் மூன்று நாட் மூன்றைக் குடிமக்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால், பழைய ஆஸ்திரிய மான்லிச்சர் தோட்டாவின் அளவைத் தழுவி இந்த ரகத்தைச் செய்தார்கள். வீட்டில் இருந்தவற்றுள் விலை அதிகம் அதற்குத்தான். ஆசாரியின் கை அதில் படவில்லை.

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒருவர் மூன்று துப்பாக்கி வரைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது இரண்டாகக் குறைந்தது. பரம்பரையாக வந்ததானாலும் இரண்டுதான். மூன்றாவதை ஒரு வருஷத்துக்குள் ஒப்படைத்துவிட வேண்டும். அப்பாவுக்கு அப்போது எழுபத்தாறு வயது. எதை விடுவது? என் தம்பி பெங்களூரிலிருந்து டெலிபோனில் யோசனை சொன்னான்: "அந்த ஓட்டை நாட்டுத் துப்பாக்கியைக் குடுத்துருங்கப்பா. ரைபிளுக்குத்தான் விலை."

அப்பா ரைபிளை ஒப்படைத்துவிட்டு வந்தார். முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு எல்லாரும் நடமாடிய வருஷம் அது. வந்து, கால் கழுவிக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: "கம்பெனி செஞ்சதைக் கம்பெனி மறுபடியும் செஞ்சுக்கும். ஆசாரி செஞ்சதை இனி யாரு செய்வாங்க?"

2022-இல் அப்பா காலமானார். காரியம் முடிந்த கையோடு நான் செய்த முதல் வேலை, இரண்டு துப்பாக்கிகளையும் லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரி ஒருவரிடம் கொண்டுபோய் ஒப்படைத்ததுதான். லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. ஸ்டேஷனிலோ வியாபாரியிடமோ இருக்கவேண்டும். வாரிசுதாரர் விண்ணப்பம் போட்டு, தம் பெயருக்கு லைசென்ஸ் வாங்கிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம். 2016-ஆம் வருஷத்து விதிகள் வாரிசுக்கு இந்த வழியைத் திறந்து வைத்திருக்கின்றன. வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், டாக்டர் சர்டிபிகேட், துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கு அத்தாட்சி, போலீஸ் விசாரணை. கல்யாணத்துக்குக்கூட நம்மை இவ்வளவு விசாரிப்பதில்லை.

என் மனைவிக்கு ஆரம்பத்திலிருந்தே இஷ்டமில்லை. "உங்க அப்பா காட்டுல இருந்தார், வெச்சிருந்தார். நாம டவுன்ல இருக்கோம். மாடி வீட்டுப் பூனையை விரட்டறதுக்கா?" என்றாள். நியாயமான கேள்வி. வயசுக்கு வந்த பிள்ளைகள் உள்ள வீடு. துப்பாக்கி வீட்டில் இருப்பதால் வந்த விபரீதங்களைத் தினமும் பேப்பரில் படிக்கிறோம். வியாபாரி வேறொரு வழி சொன்னார். குழலைத் துளைத்து, உள் உறுப்புக்களை எடுத்துவிட்டு, இனி ஒருபோதும் வெடிக்காதபடி செய்து, அலங்காரமாக வைத்துக்கொள்ள முறைப்படி ஏற்பாடு உண்டாம். புத்திசாலித்தனமான யோசனைதான். ஆனால் அந்தக் குழலை இரட்டிப்பு மருந்து போட்டுப் புளியமரத்தில் கட்டிச் சோதித்த மனிதரை நினைத்தேன். மனசு வரவில்லை. முடிவு சொல்லாமல் சில மாதங்கள் ஓட்டினேன்.

முடிவுக்கு வரச் செய்தது ஒரு தகரப் பெட்டி. அப்பாவின் பழைய லைசென்ஸ் புத்தகத்தில் துப்பாக்கி எண்ணில் ஓர் இலக்கம் அழிந்திருந்தது. குழலில் இருந்த எண்ணும் தேய்ந்து, மூன்றா எட்டா என்று சந்தேகமாக இருந்தது. ஆசாரி காலமாகி வெகு நாளாகிவிட்டது. அவருடைய மகன் கோயமுத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டு போனேன். அவர் துப்பாக்கி வேலை பழகவில்லை. பம்பு உறுப்புக்கள் கடைந்து கொடுக்கிறார். "லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துட்டமுங்க. ஆனா அப்பாவோட புத்தகத்தைத் தூக்கிப் போட மனசு வரலீங்க" என்று சொல்லி, பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார்.

பழுப்பேறிய பதிவுப் புத்தகங்கள். சர்க்காருக்குக் காட்டவேண்டிய பத்திகளுக்குப் பக்கத்தில், ஆசாரி தமக்கென்று ஒரு பத்தி கோடு போட்டிருந்தார். 1970-ஆம் வருஷத்துப் புத்தகத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. எண் தெளிவாக இருந்தது, எட்டுத்தான். அதற்குப் பக்கத்தில், பென்சில் எழுத்தில்: 'கை 13¾. கழுத்து நீட்டம். கன்னம் ஒட்டு. தோள் வலது இறக்கம். கண் இடது. தகப்பனார் சம்மதியில்லை. ஆள் பொறுமை.'

நான் அந்த வரியைப் பல தடவை படித்தேன். எனக்குத் தெரிந்த அப்பாவுக்குக் கன்னம் ஒட்டு இல்லை. நன்றாகச் சதை பிடித்திருந்தார். தோள் இறக்கத்தை அவர் உயிரோடு இருந்தவரைக்கும் நான் கவனித்ததில்லை. என் பிறப்புக்குப் பத்து வருஷம் முன்னால், தம் தகப்பனாருக்கும் ஆசாரிக்கும் நடுவில் ஒன்றும் பேசாமல் நின்ற ஓர் இளைஞனை, அவன் முழங்கை நீளம் முதற்கொண்டு, ஒருவர் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். நாவலாசிரியன் என்று பெயர் வைத்துக்கொண்டு நான் பக்கம் பக்கமாகச் செய்கிற வர்ணனை இது. அவர் ஒன்றரை வரியில் முடித்து, கடைசியில் ஆளின் குணத்தையும் இரண்டே சொல்லில் போட்டுவிட்டார். அந்த அளவுகள் இனி இரண்டு இடத்தில்தான் இருக்கின்றன: ஒன்று அந்தப் புத்தகம், மற்றது அந்தக் கட்டை. உடம்பு போய்விட்டது.

அதன் பிறகு யோசனை தெளிவாகிவிட்டது. பாட்டனாரின் துப்பாக்கிக்கு இன்னும் வேலை இருக்கிறது. பெரியப்பா மகன் அதே மலையோரத்தில் மக்காச்சோளம் போடுகிறார். இரவில் பரணில் உட்காருகிறார். "எனக்கு லைசென்ஸ் ஆனா, சத்தம் போடறதுக்காச்சு ஆகுமே, தம்பி" என்று முன்பே கேட்டிருந்தார். அவர் தம் பெயரில் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸுக்கு விண்ணப்பம் போட்டார். முறைப்படி அவருக்கு மாற்றிக் கொடுத்தோம். உழைக்கிற பொருள் உழைக்கிற கைக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்பாவுடையதை என் பெயருக்கு எழுதிக் கேட்டேன். அம்மாவும் தம்பியும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மனைவியிடம், தோட்டா ஒன்றுகூட வாங்கமாட்டேன் என்றும், இரும்புப் பெட்டியின் சாவியை அவளிடமே கொடுத்துவிடுகிறேன் என்றும் ஒப்புக்கொண்ட பிறகு, "அப்படின்னா அது துப்பாக்கி இல்லை, மாமனார்" என்று சொல்லிச் சம்மதித்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அதில் திருத்த ஒன்றும் இருக்கவில்லை.

ஆபீஸில் விசாரணையின்போது ஓர் அதிகாரி என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "எழுத்தாளர் என்று போட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு எதற்கு சார் துப்பாக்கி?" என்று மரியாதையாகவே கேட்டார். பயிர் கிடையாது. விரோதிகள் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் விமர்சனம்தான் எழுதுவார்கள். "இது அப்பாவின் அளவுக்குச் செய்தது" என்றேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, "பரம்பரை" என்று எழுதிக்கொண்டார். அதுவும் சரிதான்.

லைசென்ஸ் கிடைத்து, வியாபாரியின் கடையில் துப்பாக்கியை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். வழக்கப்படி வலத் தோளில் வைத்தேன். கட்டை கன்னத்தில் இடித்தது. குழல் எங்கோ கோணிக்கொண்டு நின்றது. "உங்களுக்கு ஒத்து வராதுங்க. இது இடத் தோள் கட்டை" என்றார் வியாபாரி. இடத் தோளுக்கு மாற்றினேன். அங்கேயும் முழுக்கப் பொருந்தவில்லை. என் கை அப்பாவின் கையைவிடச் சிறியது. ஆனால் தலையைச் சாய்த்ததும், கன்னம் ஒரு வழவழப்பான குழியில் போய்ப் படிந்தது. ஆசாரி குடைந்தது பாதி. ஐம்பது வருஷமாக அப்பாவின் கன்னம் தேய்த்தது பாதி. கடையில் வேறு வாடிக்கைக்காரர்கள் காத்திருந்தார்கள். சற்று நேரம் அப்படியே நின்றுவிட்டு, பெட்டியில் வைத்து மூடினேன்.

தேர்தல் அறிவிப்பு வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்பா ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், ரசீது வாங்கி வந்து, சுவரில் தொங்கும் வளைந்த கம்பியில் குத்தி வைப்பார். சட்டசபைத் தேர்தல், பார்லிமெண்டுத் தேர்தல், பஞ்சாயத்துத் தேர்தல் என்று அந்தக் கம்பி நிறைய ரசீது. அந்தக் கம்பியையும் ஊரிலிருந்து எடுத்து வந்து, என் மேஜைக்கு மேலே ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். இன்னும் நாலைந்து ரசீதுக்கு அதில் இடம் இருக்கிறது.